நோட்டில் எந்த வரியை அடிக்கணும்?

"சில மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. சில பிழைகள் நீக்கப்பட்டுள்ளன."

உங்கள் போனில் எந்த ஆப்பை அப்டேட் செய்தாலும் இப்படி ஒரு வரி வரும். யாரும் படிப்பதில்லை, படித்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. இந்த வரியை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அதில் ஒருமுறை எழுதியது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மென்பொருள் துறைக்கு வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஒரு புது வெர்ஷன் வெளியே போகணும்னா கோடு மட்டும் தயாரானால் போதாது. உதவிப் பக்கங்கள், நிறுவும் முறை, திரைப்படங்கள் (சினிமா இல்லை, ஸ்கிரீன்ஷாட்), போன வெர்ஷனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லும் ரிலீஸ் குறிப்பு, எல்லாம் மாறணும். நடைமுறையில் நடப்பது வேறு. கடைசி மணி நேரம் வரைக்கும் கோடு மாறிக்கிட்டே இருக்கும். கடைசி இரண்டு நாளில் புதுசாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு, "டாக்குமென்ட் எல்லாம் அப்டேட் பண்ணிடுப்பா" என்பார்கள். அவன் படம் எடுத்து ஒட்டி முடிப்பதற்குள் அந்தத் திரையில் ஒரு பட்டன் இடம் மாறியிருக்கும்.

நான் இப்போது பொங்கலூரில், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் சில வருஷம், பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், கணக்கு பேக்கேஜ் எழுதித் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். பேர் வேண்டாம். சம்பவம் அங்கே நடந்தது.

திருப்பூர்ப் பக்கம் துணி எப்படி நகரும் என்று தெரிந்தால்தான் கதை புரியும். நிட்டிங்கிலிருந்து வரும் கிரே துணி ரோல் ரோலாக டையிங்குக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாதி வேலை வெளியில் ஜாப் ஒர்க்காக நடக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எடை கொஞ்சம் குறையும். அதுதான் பிராசஸ் லாஸ். ஒரு டன் கிரே அனுப்பினால் டையிங் முடிந்து 930 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 7 சதவீதம் லாஸ்.

எங்கள் பழைய வெர்ஷனில், ஸ்டாக் போடும் கிளார்க் முதல் கட்டத்தில் அனுப்பிய எடை 1000 என்று போடுவார். இரண்டாவது கட்டத்தில் லாஸ் 7 என்று போடுவார். கணினி 930 என்று ஸ்டாக்கில் ஏற்றிக்கொள்ளும். புது வெர்ஷனில் இதை "சரி" செய்தோம். எடைமேடையில் நிறுத்த எடையையே நேராகப் போடலாம். லாஸ் கட்டத்தை அடுத்த பிராசஸுக்கான உத்தேச லாஸ் என்று மாற்றினோம். யோசனை நல்ல யோசனைதான், இப்பவும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கட்டத்தின் பெயரை மாற்றவில்லை. பழையபடி 'லாஸ் %' என்றே இருந்தது. ரிலீஸ் குறிப்பில் நான் எழுதிய வரி: "ஸ்டாக் மாட்யூலில் சில மேம்பாடுகள்."

அந்தக் கம்பெனியில் ஸ்டாக் போட்ட பெண்ணிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். எந்த மெனு, எந்த கீ, எந்தக் கட்டத்தில் என்ன போடணும் என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருப்பார். நாங்கள் பிடிஎஃப்பாகக் கொடுத்த நாற்பது பக்கக் கையேட்டை அந்த ஆபீஸில் யாரும் திறந்ததே இல்லை. அங்கே கையேடு என்றால் அந்த நோட்டுதான்.

புது வெர்ஷன் வந்த வாரம், முதல் கட்டத்தில் 'வந்த எடை' என்று மாறியிருந்ததை அவரே கவனித்து 930 போட்டிருக்கிறார். அடுத்ததற்கு நோட்டைப் பார்த்து 7. கணினி 930-இல் 7 சதவீதம் கழித்து 864.9 என்று ஏற்றியது. 65 கிலோ 100 கிராம் துணி காணோம். ஒரு லாட்டில் இவ்வளவு. மூன்று வாரத்தில் எத்தனை லாட் போயிருக்கும்! டையிங்காரர் எடை குறைச்சுக் கொடுத்துட்டார் என்று டெபிட் நோட் போட்டு, அவர் சண்டைக்கு வந்து, குடோனில் திரும்ப எடை போட்டுப் பார்த்த பிறகுதான் கணக்கு தப்பு என்று தெரிந்தது. தப்பு யார் தலையில் விழும்? போட்டவர் தலையில்தான்.

எனக்குப் போன் செய்தபோது அவர் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. "சார், நீங்க அன்னிக்கு சொல்லிக் கொடுத்த மாதிரிதானுங்க போட்டேன். நோட்டுல அப்படித்தானுங்க இருக்குது" என்றார். உண்மை. அந்த வரியை எழுதச் சொன்னதே நான்தான். அதை அடிக்கச் சொல்லாமல் விட்டதும் நான்தான். எங்கள் தரப்பில் ஓனரிடம் பேசிச் சரிக்கட்டினோம், ஆனால் அந்தப் பெண் இரண்டு மாசத்தில் வேலையை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். ரிலீஸ் குறிப்புகளைப் பொழுதுபோக்காகப் படிக்கிற ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். படித்ததில் ஒன்று புரிந்தது. ரிலீஸ் குறிப்பின் வாசகர் புது ஆள் இல்லை. ஏற்கனவே தெரிந்தவர், கை பழகியவர். அவருக்குப் புது வசதிகளின் பட்டியல் இரண்டாம்பட்சம். தனக்குத் தெரிந்ததில் எது இனி தப்பு என்பதுதான் முதலில் தெரியணும். நோட்டில் எந்த வரியை அடிக்கணும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத குறிப்பு எத்தனை பக்கம் இருந்தாலும் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த அளவுகோலில் நான் பார்த்ததிலேயே சிறந்தது டெபியன் லினக்ஸின் ரிலீஸ் குறிப்பு. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, 'ட்ரிக்ஸி', வெளியானது. அதன் குறிப்பில் என்ன புதுசு என்று ஒரு அத்தியாயம் உண்டு, அது எல்லோரிடமும் இருப்பது. எனக்குப் பிடித்தது "கவனிக்க வேண்டிய பிரச்சினைகள்" என்கிற அத்தியாயம். ஒரு உதாரணம். தற்காலிகக் கோப்புகள் இருக்கும் டெம்ப் ஃபோல்டர் இந்த வெர்ஷனிலிருந்து வட்டில் இல்லாமல் நினைவகத்தில், அதாவது ராமில், உட்கார்கிறது. குறிப்பு இதைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. அதிகபட்சம் ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும் என்கிறது. கூட வேணும்னா எப்படி, பழைய மாதிரியே வேணும்னா எந்தக் கட்டளை என்கிறது. அதற்கு மேலும் ஒன்று: அப்கிரேடுக்கு முன்னால் அந்த ஃபோல்டரில் நீங்கள் வைத்திருந்த கோப்புகள் இப்போது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடியில் இருக்கின்றன, அவற்றை இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதினவர் யாரோ, அவர் ஒரு மனுஷனை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை காலை வந்து, "ஐயோ, வெள்ளிக்கிழமை அங்கதானே போட்டேன்" என்று திகைக்கிற ஆளை. அதே மாதிரி, பூட்டிய வட்டு வைத்திருப்பவர்களுக்கு, அதற்கான ஆதரவு இப்போது தனிப் பேக்கேஜுக்குப் போய்விட்டது, ரீபூட் செய்வதற்கு முன் அது இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறது. ரீபூட் செய்த பிறகு சொல்லிப் பயனில்லை அல்லவா.

இது தானாக வருவதில்லை. டெபியனில் ரிலீஸ் குறிப்புக்கே தனியாகப் பிழைப் புகார் போடலாம். ஒரு பேக்கேஜைப் பராமரிப்பவர், "என் மாற்றத்தால் பயனர்களுக்கு இந்தச் சிக்கல் வரும், குறிப்பில் சேருங்கள்" என்று புகாராகவே பதிவு செய்வார். மாற்றங்களை நிறுத்தும் உறைநிலைக் காலம் மார்ச் மாதமே தொடங்கி, படிப்படியாக இறுகி, ஆகஸ்டில்தான் வெளியீடு. அந்த மாதங்களில் குறிப்பு எழுதப்படுகிறது, திருத்தப்படுகிறது, மொழிபெயர்க்கப்படுகிறது. நமக்கு மாதக் கணக்கில் அவகாசம் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாளாவது கிடைக்காதா?

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொன்று. நோம் திரைச்சூழல் திட்டத்தில், ரிலீஸுக்குச் சில வாரம் முன்னால் திரையில் வரும் சொற்களையே உறைய வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லை மாற்றணும்னா மொழிபெயர்ப்பாளர்களிடமும் கேட்கணும். தமிழில் மொழிபெயர்க்கிற தன்னார்வலர் ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்காருகிறவர். அவர் முடித்த பிறகு நீங்கள் பட்டன் பெயரை மாற்றினால், தமிழ்த் திரையில் நடுவில் ஒரு இங்கிலீஷ் சொல் துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பவர் திட்டுவது தமிழாக்கத்தைத்தான்.

பைத்தான் மொழிக்காரர்கள் வேறு விதத்தில் கெட்டிக்காரர்கள். 2000-இல் வந்த 2.0 முதல் 2.7 வரை "என்ன புதுசு" கட்டுரைகளை ஆண்ட்ரூ குச்லிங் எழுதி வந்தார் (முதல் ஒன்றில் மோஷே ஜட்கா கூட எழுதினார்). அவற்றைக் கோர்வையாகப் படிக்கலாம், ஒரு ஆள் பேசுவது போல இருக்கும். இப்போது பல பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அந்தக் குரல் போய்விட்டது என்பது என் குறை. ஆனால் ஒழுங்கு கூடியிருக்கிறது. எது எந்த வெர்ஷனில் நீக்கப்படும் என்று முன்கூட்டியே பட்டியல் தருகிறார்கள். பழைய வெப் நிரல்களில் புழங்கிய சிஜிஐ மாட்யூலை 2022-இல் வந்த 3.11-இல் "இது போகப்போகிறது" என்று அறிவித்து, 2024-இல் வந்த 3.13-இல்தான் எடுத்தார்கள். எடுத்தபோது, இதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்பதையும் அங்கேயே எழுதினார்கள்.

அவர்களிடம் நான் திருடிக்கொண்டது இன்னொரு பழக்கம். முன்பெல்லாம் பைத்தானில் மாற்றங்களை ஒரே பெரிய கோப்பில் எழுதுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் மோதும். 2017-இலிருந்து ஒவ்வொரு மாற்றமும் தனக்கான சின்னக் குறிப்புக் கோப்பைத் தன்னோடேயே எடுத்து வருகிறது, ரிலீஸ் அன்று எல்லாவற்றையும் ஒரு கருவி தொகுத்துவிடுகிறது. திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்ம ஊரில் எந்த ரோலும் டிசி இல்லாமல் வண்டி ஏறாது. என்ன துணி, எத்தனை ரோல், எத்தனை கிலோ, எங்கே போகுது, எதுக்குப் போகுது. ஜிஎஸ்டி விதிப்படி மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்புபவருக்கு. மாசக் கடைசியில் உட்கார்ந்து, "இந்த மாசம் என்னென்ன அனுப்பினோம்" என்று ஞாபகப்படுத்தி யாரும் டிசி எழுதுவதில்லை. அந்த வேலையைத்தான் நாங்கள் மென்பொருளில் செய்துகொண்டிருந்தோம், அதுவும் டிசி போடுகிற மென்பொருளிலேயே.

வெளிநாட்டு உதாரணம் போதும். நம்ம ஊரில் ஒவ்வொரு கம்பெனியும் தினம் திறக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது: தேசிய தகவலியல் மையம் நடத்தும் இ-வே பில் தளம். 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கப் பார்த்து, அன்றைக்கே தளம் படுத்ததால் தள்ளிப்போய், ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலும், ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்கு உள்ளேயும் வந்தது. உள்ளூருக்கு வரம்பு 1 லட்ச ரூபாய். அன்றிலிருந்து அது மாறிக்கொண்டே இருக்கிறது. மாற்றங்களுக்கு அவர்கள் குறிப்பு வெளியிடுகிறார்கள். அரசாங்கத் தளம் என்பதால் மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். அப்படி இல்லை.

2024 டிசம்பர் 17 தேதியிட்ட அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 1 முதல், 180 நாளுக்கு மேல் பழைய ஆவணத்துக்கு இ-வே பில் போட முடியாது. 180 நாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஆளாளுக்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம். அறிவிப்பு உதாரணம் கொடுக்கிறது: 2024 ஜூலை 5-க்கு முந்தைய தேதியிட்ட ஆவணங்களுக்கு ஜனவரி 1 அன்று பில் வராது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 180. ஒரே ஒரு தேதி, எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது. நான் எழுதிய 'சில மேம்பாடுகள்' பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதே அறிவிப்பில் இன்னொரு மாற்றம், இரண்டடுக்கு உள்நுழைவு. பாஸ்வேர்டு போட்டபிறகு ஓடிபியும் வேணும். 100 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 20 முதலே கட்டாயம். 2025 ஜனவரி 1-இலிருந்து 20 கோடிக்கு மேல், பிப்ரவரி 1-இலிருந்து 5 கோடிக்கு மேல், ஏப்ரல் 1-இலிருந்து எல்லோருக்கும். படிப்படியாக, தேதியோடு, முன்கூட்டியே. பெரிய கம்பெனிகளில் சோதித்துவிட்டுச் சின்னவர்களிடம் வந்திருக்கிறார்கள். ரிலீஸ் திட்டமிடல் என்ற வகையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஓடிபி எப்படி வரும் என்பதற்கு மூன்று வழி விளக்கப்பட்டது: எஸ்எம்எஸ், சந்தேஸ் ஆப், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப். தொழில்நுட்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் முக்கியச் செய்தி. ஆனால் ஒரு பனியன் கம்பெனியின் அன்றாடத்தை யோசியுங்கள். பதிவு செய்த மொபைல் எண் முதலாளியுடையது. பில் போடுவது ஆபீஸில் இருக்கும் பையன். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லோடு ஏற்றி, டிரைவர் டீ குடித்து முடித்து நிற்கிறார். முதலாளி டெல்லிக்கு விமானத்தில். ஓடிபி அவர் சட்டைப்பையில், மேகத்துக்கு மேலே.

இதற்குத் தீர்வு அந்தத் தளத்திலேயே உண்டு. துணைப் பயனர் கணக்கு உருவாக்கி, அதற்குப் பையனின் மொபைல் எண்ணைக் கொடுத்துவிட்டால், ஓடிபி அவனுக்கே வரும். விளக்கங்களிலும் இது சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஆப்களைப் பற்றிய விவரத்துக்குப் பின்னால், உப தகவலாக. திருப்பூரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுதான் முதல் வரியாக இருந்திருக்கணும் (தொண்ணூறு என்பது என் வாய்க்கணக்கு, சர்வே எடுக்கவில்லை). "உங்கள் ஆபீஸில் பில் போடுபவரிடம் பதிவு செய்த போன் இல்லையென்றால், இந்தத் தேதிக்குள் இதைச் செய்துவிடுங்கள்." இந்த ஒரு வாக்கியம் மேலே வந்திருந்தால் போதும். நான் படித்த குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் வாட்ஸப்பில் தமிழில் சுருக்கி அனுப்பும் செய்திதான் இங்கே நடைமுறைக் கையேடு. அதில் எது விட்டுப்போகும் என்பது அனுப்புபவரின் அன்றைய பொறுமையைப் பொறுத்தது.

இங்கே வழக்கமாக ஒரு எதிர்வாதம் வரும். "அஜைல் கொள்கையிலேயே, விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம்னு இருக்கே?" 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கை அது. அதே அறிக்கையின் முடிவில், பின்னால் வைத்தவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொரு விஷயம், 65 கிலோ கணக்கில் காணாமல் போன அன்றைக்கும் எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

இப்போது வரும் இன்னொரு வாதம், கமிட் செய்திகளைக் கொடுத்தால் ஏஐ குறிப்பு எழுதித் தந்துவிடும் என்பது. தரும், நானும் பயன்படுத்துகிறேன், இங்கிலீஷ் என்னைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் கமிட் செய்திக்கு அந்த நீள நோட்டைப் பற்றித் தெரியாது. 'லாஸ் கணக்கீடு மாற்றப்பட்டது' என்று நான் எழுதியிருந்தால், 'லாஸ் கணக்கீடு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று அழகாக எழுதிக் கொடுக்கும். ஏஐ வருவதற்கு முன்பே, மாற்றக் குறிப்பு எப்படி எழுதணும் என்று ஆலிவியர் லகான் உருவாக்கிய ஒரு வழிகாட்டி, கமிட் பட்டியலை அப்படியே கொட்டாதீர்கள் என்று கெஞ்சியது. கொட்டுகிற கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. பயனர் கை வைக்கும் எந்த மாற்றமும் ஒரு குறிப்புக் கோப்பு இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று டீமில் விதி. குறிப்பின் முதல் வரி "இதுவரை நீங்கள் இப்படிச் செய்திருப்பீர்கள்" என்று ஆரம்பிக்கணும். மூன்று நாள் முன்னால் திரைச் சொற்களை நிறுத்திவிடுவோம். முதல் மாசம் பசங்க முணுமுணுத்தார்கள். அந்த முதல் வரியை எழுத முடியாமல் திணறி, "சார், இதை மாத்தவே வேண்டாம்னு தோணுது" என்று ஒரு பையன் தன் கோடைத் திரும்ப எடுத்ததும் நடந்தது.

போன ரிலீஸுக்கு முன்னால் பல்லடத்தில் ஒரு வாடிக்கையாளர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். அங்கே ஸ்டாக் போடும் அக்காவிடம், அவர் நோட்டைக் கொஞ்சம் காட்டச் சொல்லிக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். "ஏனுங்க சார், தப்பா எதும் எழுதிருக்கறனுங்களா?" என்றார். இல்லைங்க அக்கா, நாங்க மாத்தினது எதெல்லாம் இதுல இருக்குன்னு பார்க்கணும் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்ததில் நான்கு வரி அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் குறிப்பில் மூன்றுதான் இருந்தது.